மண்கரைக்குக் காது கொடுத்தவர்

மதிப்புக்குரிய அவைத்தலைவர் ஐயா அவர்களே! அணைத் துறையின் சார்பில் வந்து, வந்த நேரத்திலிருந்து சன்னல் வழியே கரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே! ஐம்பது நிமிடம் வரவேற்புரை ஆற்றி, அந்த ஆற்றலிலேயே தொண்டையைத் தொலைத்துவிட்ட செயலாளர் அவர்களே! முழங்கால் வலித்தாலும் முகம் சுளிக்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் குழந்தையும் மனதில் அடுப்புமாக வந்திருக்கும் தாய்மார்களே! வாசலோரம் நின்றால் டீ முதலில் கிடைக்கும் என்று கணித்து நிற்கும் அண்ணன்மார்களே! தம்பிகளே, தங்கைகளே! எல்லோருக்கும் பின்னால், அந்தச் சன்னலுக்கு வெளியே, பச்சைப் புல்லைப் போர்த்திக்கொண்டு படுத்தபடியே நம் ஊரைக் காக்கும் மண்கரையே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அண்ணா, மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். இன்னும் கொஞ்சம். போதும். எனக்கு உயரமும் குறைவு, சத்தமும் குறைவு.

நான் பேசுவதற்காக வந்தவள் அல்ல. அழைப்பிதழைப் பாருங்கள். நன்றியுரை: செயலாளர் என்றுதான் இருக்கிறது. யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற பட்டியலை நேற்று எங்கள் டீக்கடையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவளுக்குக் கையெழுத்து மட்டும் மிச்சமிருக்கிறது. இன்று அவர் குரல் போய்விட்டது. "நீ எழுதினதுதானே, நீயே படி" என்று சைகையால் சொல்லி என்னை மேடையேற்றிவிட்டார். 'சர்க்கரை கம்மியா' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் என் குரலைக் கேட்டவர்கள் இந்தக் கூடத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். எனக்கே தெரியும்.

தலைவர் ஐயா, ஒரு வேண்டுகோள். இந்த மேடை எங்கள் கடை பெஞ்சுகள் ஆறும் சேர்ந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடது ஓரத்துக் கால் ஆடும். சாய வேண்டாம்.

பட்டியலைப் படிக்கிறேன். கூடத்தைக் கொடுத்து, கூட்டிப் பெருக்கியும் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கு நன்றி. ஒலிபெருக்கி அமைத்து, ஒருமுறைகூட அது விசிலடிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு நன்றி. அடடா, சொல்லி வாய் மூடவில்லை, அடித்துவிட்டது. பரவாயில்லை. நாற்காலி தந்தவர்களுக்கும், நாற்காலி இல்லாமல் நின்றவர்களுக்கும் நன்றி. அணை கட்டி இருபத்தைந்து ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட வந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பட்டியல் முடிந்தது. ஆனால் நன்றி முடியவில்லை.

சற்று முன்பு இந்த மேடையில் என்ன நடந்தது? எல்லோரும் பார்த்தீர்கள். அணையின் அளவுக்காரருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பதினோரு ஆண்டில் ஒரு நாள்கூட நேரம் தவறாதவருக்குக் கடிகாரம்! கை தட்டினோம். அடுத்த மூச்சில் பொறியாளர் ஐயா வருத்தத்தோடு ஓர் அறிவிப்புச் செய்தார். பணிக் கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஒரு குறிப்பு இருப்பதால், அவருடைய வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்க வழியில்லை என்றார். அதற்கும் சிலர் கை தட்டினார்கள். பழக்கதோஷம்.

கவனக்குறைவா? யாருக்கு? டேப்பக்காவுக்கா? கண் இமைப்பதைக்கூடக் கடன் வைத்துவிட்டுக் கரையைப் பார்க்கிறவருக்கா கவனக்குறைவு?

கடைசி வரிசையிலிருந்து டேப்பக்கா கையை ஆட்டுகிறார். "ஏய், லிஸ்டை மட்டும் படிச்சிட்டு இறங்கு!" என்கிறார். அக்கா, உங்கள் சொல்லை நான் இதுவரை தட்டியதில்லை. இன்று ஒரு நாள் தட்டுகிறேன். மன்னியுங்கள்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அவர் ஏன் டேப்பக்கா? முன்பு அவர் தையற்காரர். கழுத்தில் எப்போதும் டேப்பு தொங்கும். இந்த ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையெல்லாம் இன்றும் அவர் கைத்தையல்தான். அணைக்கு அளவெடுக்க ஆள் தேவை என்று துறை அறிவித்தபோது நேரே போய் நின்றார். "இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்களாம். "அளவெடுத்தேன்" என்றாராம். "எதுக்கு?" "மனுஷங்களுக்கு. அவங்க நிக்கச் சொன்னா நிக்க மாட்டாங்க. இது நிக்கும்ல?"

நின்றது. நிற்கிறது. அவர் அளவெடுக்க எடுக்க, அசையாமல் நிற்கிறது.

நம் அணை என்ன பெரிய அணையா? நான்கு ஆள் உயரம். நடந்தால் நானூற்றுப் பத்து அடி. மின்சாரம் தராது. படகு விடாது. பாதி நாள் வெறும் பள்ளமாகக் கிடக்கும். மேட்டில் மழை கொட்டினால் மட்டும், ஓடிவரும் வெள்ளத்தை ஒரு மூச்சு நிறுத்தி, மதகு வழியாக மெல்ல மெல்ல விடும். அந்த ஒரு மூச்சில்தான் நம் தாழ்ந்த தெரு பிழைக்கிறது. அந்த ஒரு மூச்சில்தான் நம் பாய்கள் நனையாமல் இருக்கின்றன. அந்த ஒரு மூச்சுக்காக ஆண்டு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடக்கிறார்.

காலை ஆறு மணிக்கு நடக்கிறார். மாலை ஐந்து மணிக்கு நடக்கிறார். மழை நாளில் மூன்று மணிக்கு ஒருமுறை நடக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார். பக்தியா என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஈரம் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி காலுக்குத் தெரியும்" என்றார். முளைக்கும் செடியைப் பிடுங்குகிறார், வேர் கரைக்குள் வழி போட்டுவிடும் என்று. எலி வளையைத் தேடித் தேடி அடைக்கிறார். கரையில் ஐந்து இரும்புக் குழாய்கள் மண்ணுக்குள் இறங்கியிருக்கின்றனவே, அவற்றுக்கு நாடிக்குழாய் என்று அவர் வைத்ததுதான் பெயர். நுனியில் பித்தளைக் கிண்ணம் கட்டிய டேப்பை உள்ளே இறக்கி, குழாயில் காதை வைத்துக் கேட்பார். கிண்ணம் தண்ணீரைத் தொட்டால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கரைக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

அதோ முன்வரிசையில் சிரிக்கிறாரே இரும்புக்கடை அண்ணன், அவர் ஒருநாள் கேட்டார்: "என்ன டேப்பு, பாதாளத்துக்குப் போன் போடுறியா?" அக்கா காதை எடுக்காமலே சொன்னார்: "ஆமாண்ணே. உங்களுக்குத்தான் கேட்டேன், இன்னும் எடம் காலியில்லையாம்."

அண்ணே, கோபப்படாதீர்கள். உங்களுக்கு இன்னும் பெரிய பங்கு இந்தக் கதையில் பாக்கி இருக்கிறது.

மண்ணால் ஆன கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியாத மண்கரை கிடையாது. அந்தக் கசிவு கரையின் அடியில் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, ஒரு சிறு தொட்டியில் விழுந்து, முக்கோணமாக வெட்டிய ஒரு தகட்டின் மேல் வழிந்து போகும். அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் கசிவின் அளவு. அணை பாதி நிறைந்திருந்தால் எட்டு சென்டிமீட்டர். பதினோரு ஆண்டாக எட்டு. அந்தத் தண்ணீரில் ஒரு புட்டி பிடித்து, தேதி எழுதி, அணைக் குடிசையின் சன்னலில் வரிசையாக வைப்பார். தெளிந்திருந்தால் கரை நலம். கலங்கியிருந்தால் கரையின் மண்ணைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள்.

காலை ஏழு மணிக்கு எங்கள் கடைக்கு டீ குடிக்க வருவார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். முகம் தெளிந்திருந்தால் புட்டியும் தெளிவு. "தண்ணி தெளிவா வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது. துளி கலங்குனாலும் வயித்தைப் பெசையுது" என்பார்.

அந்த ஒரு சொல்லை நான் தப்பாகப் பிடித்துக்கொண்டேன்.

இருங்கள். அக்கா எழுந்துவிட்டார். பரிசுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்துக்குப் பத்து நிமிடம். மாலை அளவு. மூன்று நாள் மழையில் இன்று அணை பாதி நிறைந்து நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வழி விடுங்கள் தாய்மார்களே, அவரைப் போக விடுங்கள். வேலை போய்விட்டது என்று மேடையில் அறிவித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அளவெடுக்கப் போகிறார்! பாராட்டுக் கூட்டம் காத்திருக்கும் அக்கா. பாதி நிறைந்த கரை காத்திருக்காது. போய் வாருங்கள்.

நான் இனிச் சொல்லப்போவதை அவர் கேட்க வேண்டியதும் இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்கள் நீங்கள்தான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. தாழ்ந்த தெருவே மூட்டை முடிச்சோடு இந்தப் பள்ளிக்கூட மேட்டில் வந்து நின்றோமே, நினைவிருக்கிறதா? மறந்திருக்க முடியாது. இன்னும் அதைச் சொல்லித்தானே அவரைக் கேலி செய்கிறோம்!

அதற்கு முந்தின ஞாயிறு மதியம். முதல் மழை கழுவிய புல்லும் மணலும் தூசுமாகக் கசிவுத் தொட்டி கொஞ்சம் அழுக்காக இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் நான் கடைக் கிளாஸ்களை அலசுவேன். ஜில்லென்று இருக்கும். கிளாஸும் சுத்தமாக வேண்டும், அக்காவின் புட்டியும் தெளிவாக வேண்டும். அவருக்கு நிம்மதியாகச் சோறு இறங்க வேண்டும். என்ன செய்யலாம்? டீயை எப்படி வடிகட்டுகிறோம்? துணியால்தானே?

குழாயின் வாய்க்கு மேலே ஒரு கற்பலகை மூடி உண்டு. பிடிக்கக் கைப்பிடி கிடையாது. தண்ணீர்க் குடம் தூக்கிப் பழகிய கை, நகர்த்திவிட்டேன். என் பழைய பள்ளிச் சட்டையை நான்காக மடித்து, குழாயின் வாயில் பொருத்தி, பார்சல் கட்டும் சணல் கயிற்றால் சுற்றி, இறுக்கி, முடிச்சும் போட்டு, மூடியை மூடிவிட்டேன்.

ஆமாம். நான்தான். அந்தத் துணி என்னுடையது.

இரையாதீர்கள். முழுவதும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி எனக்குப் பேச்சு வராது.

தண்ணீர் பன்னீர் போல வந்தது. நான் பூரித்துப்போனேன். அக்காவுக்குச் சொல்லாமல் ஒரு பரிசு கொடுத்துவிட்டதாக நினைத்தேன். நோயாளி இருமுவது வீட்டார் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று, நோயாளியின் வாயைப் பொத்திவிட்டேன்! இருமல் கேட்கவில்லை. ஆகவே நோய் இல்லை என்று நினைத்தேன்!

அந்த மூடியைத் திங்கள்தோறும் ஓர் ஆளைத் துணைக்குக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்ப்பது அக்காவின் வேலை. அந்தத் திங்களன்று பேய்மழை. மதகின் வாயில் ஒரு மரக்கிளை வந்து சிக்கிக்கொண்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதை வெட்டி எடுக்கவே பொழுது சரியாகப் போனது. மூடியைத் தூக்கவில்லை. அந்த ஒரு திங்கள். பதினோரு ஆண்டில் ஒரே ஒரு திங்கள்!

செவ்வாயன்று தகட்டில் ஏழு. புதனன்று ஆறு. வியாழனன்று ஐந்து. அணையில் தண்ணீரோ அதே பாதி. மூடியைத் தூக்கத் துணைக்கு வர, அந்த மழையில் ஆள் கிடைக்கவில்லை.

வியாழன் காலை ஏழு மணி, எங்கள் கடை. அக்கா டீயை வாங்கினார், குடிக்கவில்லை. இரும்புக்கடை அண்ணன் கேட்டார்:

"என்ன டேப்பு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"கசிவு குறைஞ்சிருச்சுண்ணே."

"குறைஞ்சா நல்லதுதானே! கூடுச்சுன்னு கத்துவ, இப்ப குறைஞ்சதுக்கும் கூப்பாடா? உன்னைக் கட்டுனவன் பாவம்."

"அண்ணே, உங்க கடைக்குள்ள பத்து பேரு போறாங்க. அஞ்சு பேருதான் வெளிய வர்றாங்க. மிச்ச அஞ்சு பேரு உள்ள என்ன பண்றாங்கன்னு பார்க்க மாட்டீங்க?"

"என்ன பண்ணுவாங்க, படுத்துத் தூங்குவாங்க."

"அதுதாண்ணே பயம். தண்ணி உள்ள படுத்துக்கிச்சுன்னா கரை எந்திரிக்காது."

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. முழுவதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் புரிந்தது. 'அக்கா, அங்கே ஒரு துணி' என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஐந்தாவது மேசைக்கு இரண்டு டீ என்றார்கள். கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். செய்யவில்லை. எங்கள் கடை இருப்பது அணைத் துறையின் இடத்தில். துறையின் அனுமதியில் நிற்கிற கடை. துணி என்னுடையது என்று தெரிந்தால் கடை இருக்குமா? வாயை மூடிக்கொண்டேன். முதலில் குழாயின் வாயை மூடினேன். பிறகு என் வாயை.

அக்கா என்ன செய்தார்? மூன்றாம் நாடிக்குழாயில் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அதே ஒரு சாண். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையின் சரிவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இடுப்பு உயரத்தில் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு, புல்லுக்கு அடியில் சதக் சதக் என்றது. கண்ணுக்கு வெறும் பச்சைப் புல். காலுக்கு ஆபத்து.

பொறியாளர் ஐயாவுக்குப் போன் போட்டார். தெருவைக் காலி செய்துவிட்டு மதகை முழுவதும் திறக்கத் தயாராகச் சொல்லி உத்தரவு வந்தது. திறந்தால் தாழ்ந்த தெருவில் முழங்கால் தண்ணீர் ஏறும். திறக்காவிட்டால், கரை சரிந்தால், கூரைவரை ஏறும். வீடு வீடாக வந்து நின்றார். என்னென்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்!

"மழையே விட்டுருச்சு, இப்ப எதுக்கும்மா ஏறணும்?"

"விட்ட மழை திரும்பி வராதுன்னு உங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கா? ஏறுங்க."

"ஒண்ணும் ஆகலைன்னா?"

"ஆகலைன்னா என்னைத் திட்டுங்க. திட்டுறதுக்கு ஆளு மிச்சம் இருக்கணும்ல? ஏறுங்க!"

ஏறினோம். திட்டிக்கொண்டே ஏறினோம். இரும்புக்கடை அண்ணன் தராசைத் தலையில் வைத்துக்கொண்டு, படிக்கு ஒரு வசவு வைத்து ஏறினார். நானும் ஏறினேன். ஈரப் புடவைகளுக்கும் அழும் பிள்ளைகளுக்கும் நடுவில், எல்லாம் தெரிந்தவளாக, எதுவும் சொல்லாதவளாக நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காலையை நான் பார்த்ததில்லை.

பொறியாளர் ஐயா வந்து சேர்ந்தார். இருவருமாக மூடியைத் தூக்கினார்கள். துணி, துணியாக இல்லை. உள்ளிருந்து வந்த மண் அப்பி, பூசிய சுவர் போல இறுகியிருந்தது. அறுத்து இழுத்ததும் பழுப்பு நிறத்தில் தண்ணீர் பீறிட்டுத் தொட்டியைத் தாண்டி அடித்ததாம். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. நாடிக்குழாயில் தண்ணீர் இறங்கியது. மதகை முழுவதும் திறக்கத் தேவையே வரவில்லை. மாலைக்குள் நாமும் இறங்கினோம். "ஒண்ணுமே ஆகலையே, சும்மா அலைய வச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினோம்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், வானம் பிளந்து கொட்டியது. தண்ணீர், மிச்சம் வழியும் கலிங்கின் உதடுவரை வந்து நின்றது. கரை நின்றது. ஊர் நின்றது. அந்தத் துணி உள்ளே இருந்திருந்தால் அந்த ஈரச் சரிவு சனிக்கிழமையைத் தாங்கியிருக்காது என்று பொறியாளர் ஐயாவே தம் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அதே அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்தான் 'கவனக்குறைவு' என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த விசாரணைக்கு டீ கொண்டுபோனவள் நான். அணைக் குடிசை. சன்னலில் வரிசையாகப் புட்டிகள். மேசைமேல் சேறு காய்ந்த துணி.

"துணி யாரோடது?" என்று கேட்டார்கள்.

"குழாய் என்னோடது சார்" என்றார் அக்கா.

"நான் துணியைக் கேட்டேன்."

"திங்கக்கிழமை மூடியைத் தூக்கியிருந்தா திங்கக்கிழமையே எடுத்திருப்பேன். தூக்கல. அதை எழுதிக்குங்க."

அவருக்குத் தெரியாதா? சேற்றைத் துடைத்தால் கழுத்துப் பட்டியில் சிவப்பு நூலில் இருபத்தேழு என்ற எண். என் வகுப்பு எண். அதைத் தைத்ததே அவர்! தன் கைத்தையலைத் தானே அறியாத தையற்காரர் உலகில் உண்டா? அந்த எண்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். நான் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து, காலை ஏழு மணி. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"பார்சல். உன்னோடது."

"அக்கா, நான்..."

"டீ ஆறுது பாரு. அடுத்த ஆளுக்குக் குடு."

பிரித்தேன். துவைத்து, தேய்த்து, இரண்டாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்த கைப்பிடித் துணிகள். கொதிக்கும் கெட்டிலைப் பிடிப்பதற்கு. ஒன்றின் மூலையில் சிவப்பு நூல் இருபத்தேழு. இதோ, இதுதான். நன்றாகப் பாருங்கள். பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரிகிறதா?

ஏழு வாரமாக ஊர் அவரைக் கேலி செய்தது. "டேப்பு, இன்னைக்கு மேடு ஏறணுமா?" என்று கேட்டது. "சொந்தத் துணியைக் குழாய்க்குள்ள மறந்துட்டு ஊரையே ஓட விட்டவ" என்றது. ஒரு சொல் அவர் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வேலை நிலைத்திருக்கும். எங்கள் கடை போயிருக்கும். அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கினார்.

அளக்கத் தெரிந்தவர் அவர். ஆனால் அவர் செய்ததை அளக்க நம்மிடம் டேப்பு இருக்கிறதா?

அம்மா, அழாதீர்கள். கூடத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். நேற்றே உங்களிடம் சொல்லிவிட்டுத்தானே வந்தேன். முதலில் முதுகில் ஒன்று வைத்தீர்கள். பிறகு, "ரெண்டு பேருக்கும் கை கால் நல்லாத்தானே இருக்கு? வேற எடத்துல கெட்டில் வச்சா கொதிக்காதா? போய்ச் சொல்லு" என்றீர்கள். சொல்லிவிட்டேன் அம்மா.

தலைவர் ஐயா, இது என் கடிதம். என் கையெழுத்தில் ஒரே பக்கம். குழாயை அடைத்தவள் நான், தெரிந்தும் ஏழு வாரம் வாய் திறக்காதவள் நான் என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்து அந்தச் சொல்லை அவர் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். எனக்கு என்ன தண்டனையோ, அதை எனக்கே கொடுங்கள். கடையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஐயா, சாயாதீர்கள், அந்தக் கால் ஆடும் என்று சொன்னேனே! மூக்குக்கண்ணாடியையா தேடுகிறீர்கள்? உங்கள் தலைமேல்தான் இருக்கிறது.

பொறியாளர் ஐயா கடிதத்தை வாங்கிப் படிக்கிறார். படியுங்கள் ஐயா. நான் காத்திருக்கிறேன்.

பேனாவைத் திறந்துவிட்டார். ஓரத்தில் எழுதுகிறார். என்ன ஐயா? சபைக்கு நானே படிக்கவா? படிக்கிறேன். 'விசாரணை மீண்டும் எடுக்கப்படும். முடியும்வரை அளவுக்காரர் பணியில் தொடர்வார். மூடியைத் திறந்தவரும் விசாரணைக்கு வர வேண்டும்.' வருகிறேன் ஐயா. நிச்சயம் வருகிறேன். டீ இல்லாமல் வருகிறேன்.

கை தட்டுகிறீர்கள். இப்போது தட்டுங்கள். இது பழக்கதோஷம் இல்லை.

இரும்புக்கடை அண்ணன் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அண்ணே. "அந்த மூடிக்கு ரெண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி நான் அடிச்சுத் தரேன், இனிமே ஒத்த ஆளா தூக்கலாம்" என்கிறார். பொறியாளர் ஐயா தலையசைக்கிறார், ஆனால் அளவு அவர் சொல்வாராம். அண்ணே, பத்து பேர் உள்ளே போனால் பத்து பேரும் வெளியே வரும்படி அடியுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி இறங்கிவிடுகிறேன். ஒரு மண்கரையைக் காப்பது எது? மண்ணா? கல்லா? மதகா? உள்ளே நடப்பதை வெளியே சொல்லும் ஒரு சிறு குழாய். அது சொல்வதைக் கேட்கும் ஒரு காது. கசிவது குற்றமில்லை. கலங்குவதும் குற்றமில்லை. மறைப்பதுதான் கரையைக் கொல்லும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்குப் பள்ளி வாய்க்கவில்லை. ஆனால் என் பள்ளிச் சட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அதோ வருகிறார். வாசலில் செருப்பைத் தேடுகிறார். கால் முழுக்கப் புல்லும் ஈரமும். கையில் புட்டி. எல்லோரும் ஏன் எழுந்து நிற்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. சன்னலுக்கு வெளியே பாதி அணை நிற்கிறது. நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். உங்கள் எல்லோர் சார்பிலும் நானே கேட்கிறேன்.

அக்கா, அளவு என்ன?

சத்தமாக, அக்கா. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.

கேட்டீர்களா? "எட்டு. தெளிவு."

பட்டியலில் இல்லாத அந்தக் கடைசி நன்றி, டேப்பக்காவுக்கு. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுமையாக நிற்கும் கரைக்கும் என் வணக்கம். வாசலில் டீ தயார். சர்க்கரை கம்மியா வேண்டும் என்பவர்கள் சொல்லிவிடுங்கள். இனி நான் வாய் திறந்து கேட்பேன்.